ஐந்தும் ஏழும்

லண்டனில் இரண்டு உப்புகளுக்கு முகவரி உண்டு. ஒன்று வெள்ளை. நகரின் தென்மேற்கே, ரயிலேறினால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய எப்சம் என்ற ஊரின் பெயரையே தன் பெயராகச் சுமப்பது. மற்றது நீலம். எலிஃபண்ட் அண்ட் காஸில் பக்கம், ஹார்ப்பர் சாலையில், இடிபடக் காத்திருந்த ஓர் அடுக்குமாடி வீட்டின் சுவரிலும் கூரையிலும் குளியல் தொட்டியிலும் 2008-இல் படிகம் படிகமாகப் படர்ந்தது. வெள்ளையை நம் வீட்டுப் பெரியவர்கள் பேதி உப்பு என்பார்கள். நீலத்தை நம் விவசாயிகள் மயில்துத்தம் என்பார்கள். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூல் இரண்டையும் நீரேறிய உப்புகள் என்று ஒரே பந்தியில் உட்கார வைத்து, நீலத்துக்கு ஐந்து நீர், வெள்ளைக்கு ஏழு நீர் என்று பரிமாறிவிட்டுப் போய்விடுகிறது. லண்டன் பள்ளிகளின் ஏ-லெவல் ஆய்வகத்திலோ அந்த எண்ணின் இடத்தில் ஓர் எக்ஸ் நிற்கிறது. புடக்குகை, பன்சன் அடுப்பு, தராசு ஆகிய மூன்றையும் கொண்டு அந்த எக்ஸைக் கண்டுபிடிப்பது மாணவர் பாடு.

வாய்பாட்டில் ஒரு புள்ளிக்குப் பின்னால் எழுதப்படும் இந்த ஐந்தையும் ஏழையும் அருகருகே வைத்து நிறுத்துப் பார்க்கலாம்.

தராசில் வைத்ததுமே முதல் வியப்பு. நீலமான செம்பு உப்பின் ஒரு மோல் 249.7 கிராம், எப்சம் உப்பின் ஒரு மோல் 246.5 கிராம். இரண்டுக்கும் இடையே நூற்றுக்கு ஒன்றரைகூட வேறுபாடில்லை. செம்பின் அணு எடை 63.5, எப்சம் உப்பின் உலோகமான மக்னீசியத்தினுடையது 24.3, இடைவெளி 39.2. இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்தால் 36. உலோகத்தில் இளைத்ததை நீரில் ஈடுகட்டிக்கொண்டு, எப்சம் உப்பு செம்பு உப்போடு ஏறக்குறையச் சமமாக நிற்கிறது. எனவே எந்த உப்பை எடுத்தாலும் இரண்டரை கிராம் என்பது ஒரு மோலில் நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இது வெறும் தற்செயல்தான். ஆனால் ஒப்பிட வந்தவனுக்கு இதைவிடச் சௌகரியமான தற்செயல் கிடைக்காது.

நீரை விரட்டியதும் அந்தச் சமநிலை குலைகிறது. இரண்டரை கிராம் நீல உப்பில் 1.60 கிராம் எஞ்சும். இரண்டரை கிராம் வெள்ளை உப்பில் 1.22 கிராம்தான் மிஞ்சும். முன்னதில் 36 சதவீதம் நீர். பின்னதில் 51 சதவீதம், அதாவது பாதிக்கும் மேல்.

இந்தப் பாதியை மனத்தில் வைத்துக்கொண்டு எப்சம் ஊரின் கதைக்குப் போனால் சற்றுச் சிரிப்பு வருகிறது. 1618-இன் வறண்ட கோடையில் மாடுகள் வாய்வைக்க மறுத்த ஒரு குட்டைநீரிலிருந்து அந்த ஊரின் புகழ் தொடங்கியதாக மரபுக் கதை. சாமுவேல் பீப்ஸ் 1667-இல் போய்க் குடித்துவிட்டு வந்து நாட்குறிப்பில் எழுதிவைக்கும் அளவுக்கு அந்தக் கசப்பு நீர் பெயர் பெற்றது. ராயல் சொசைட்டியின் செயலாளராக இருந்தவரும், தாவர உள்ளமைப்பியலின் முன்னோடியுமான நெகமையா குரூ, அந்த நீரைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரித்து, 1695-இல் லத்தீனில் ஒரு நூல் எழுதினார். 1698-இல் அரசரிடம் காப்புரிமையும் பெற்றார். நீரை ஓட்டி உப்பை அடைவதே அவர் தொழில். ஆனால் அவர் பிரித்தெடுத்த அந்த உலர்ந்த வெள்ளை ஊசிகளில் பாதிக்கு மேல் நீராகவே இருந்தது. பாலில் தண்ணீர் கலப்பவரை நாம் திட்டுகிறோம். குரூவின் உப்பிலோ இயற்கையே கலந்து கொடுத்திருக்கிறது, அதுவும் கண்ணுக்குத் தெரியாமல்.

ஹார்ப்பர் சாலையில் நடந்தது நேர்மாறான வேலை. சிற்பி ராஜர் ஹையோர்ன்ஸ் ஒரு வீட்டை நீர்க்கசிவில்லாத தொட்டியாக மாற்றி, ஏறக்குறைய 75,000 லிட்டர் சூடான மயில்துத்தக் கரைசலை அதற்குள் பாய்ச்சி, ஆறவிட்டு, எஞ்சியதை வடித்தார். குரூ நீரைத் துரத்தினார், ஹையோர்ன்ஸ் நீரைக் கொண்டுவந்து கொட்டினார். இருந்தும் இருவர் கையிலும் மிஞ்சியது ஒரே வகைப் பொருள்: நீரைத் தன் கட்டுமானத்துக்குள் எண்ணி வைத்துக்கொண்ட படிகம். ரப்பர் பூட்ஸும் கையுறையும் மாட்டிக்கொண்டு உள்ளே போன பார்வையாளர்களைச் சூழ்ந்திருந்த அந்த நீலத்தில், எடைக்கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நீர். அதை உருவி எடுத்திருந்தால் சுவரில் ஒட்டியிருப்பது வெறும் வெள்ளைப் பொடி. நீலத்தைச் செம்பின் சொத்து என்றே நினைத்துப் பழகிவிட்டோம். செம்பும் நீரும் கூட்டாக அனுபவிக்கும் சொத்து அது.

உலோகம் அறியப்பட்ட வரிசையிலும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நடந்திருக்கின்றன. செம்பை மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாக அறிவான். உலோகம் முன்னே, உப்பின் ரகசியம் பின்னே. எப்சம் உப்பைக் குரூ ஆராய்ந்தபோது அதற்குள் ஓர் உலோகம் ஒளிந்திருப்பதே யாருக்கும் தெரியாது. அதே லண்டனில், ஆல்பமார்ல் தெருவின் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைப் பாய்ச்சி மக்னீசியத்தைப் பிரித்துக் காட்டியது 1808-இல்தான். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, உள்ளே இருப்பது யாரென்று தெரியாமலே அந்த உப்பைக் காசு கொடுத்து வாங்கிக் குடித்திருக்கிறார்கள்.

இனி அடுப்புக்கு வருவோம். செய்முறை இரண்டுக்கும் ஒன்றே: வெறும் புடக்குகையை நிறு, உப்போடு நிறு, சூடாக்கு, ஈரக்காற்று படாமல் ஆறவிடு, மறுபடி நிறு, எடை குறைவது நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய். காணாமல்போன எடை நீர்; கிண்ணத்தில் நிற்பது நீரற்ற உப்பு. இரண்டையும் மோலாக்கி வகுத்தால் எக்ஸ்.

சூட்டில் இரண்டும் காட்டும் குணமோ வேறு. நீல உப்பு மெல்ல மெல்ல வெளுக்கும். ஓரத்தில் தொடங்கிய வெண்மை நடுவுக்குப் பரவுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வெள்ளை உப்பு தன் நீரிலேயே தான் கரைந்து கஞ்சிபோல் கொதித்து, அவசரப்பட்டால் கிண்ணத்துக்கு வெளியே தெறித்து, கடைசியில் மீண்டும் வெள்ளையாகவே உறையும். முன்னது நடப்பதையெல்லாம் முகத்தில் காட்டுகிறது. பின்னது எதையும் காட்டுவதில்லை.

முகத்தில் காட்டுவதை அப்படியே நம்பலாமா என்றால், அதுவும் கூடாது. செம்பு உப்பின் ஐந்து நீரில் நான்கு எளிதாகப் போய்விடும். கடைசி ஒன்று போக 200 டிகிரியைத் தாண்ட வேண்டும். அந்த ஒற்றை நீரோடு நிற்கும் பொடியே ஏறக்குறைய வெளிறித்தான் இருக்கும். நீலம் போய்விட்டது, வேலை முடிந்தது என்று அடுப்பை அணைப்பவர், ஒரு நீரை உள்ளே விட்டுவிட்டே அணைக்கிறார். எப்சம் உப்பின் ஏழிலும் இதே கதை: ஆறு கிளம்பிவிடும், கடைசி ஒன்று அசையாது; அதைக் கிளப்ப இன்னும் அதிகச் சூடு, 300 டிகிரியை ஒட்டி, தேவைப்படும்.

இங்கேதான் இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகப் பிடித்த இடம் வருகிறது. ஒரு நீரை உள்ளே விட்டுவிட்டால் எப்சம் உப்புக்கு விடை ஆறு என்று வரும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்போம். வராது. உள்ளே தங்கிய நீர், போன நீரின் கணக்கில் குறைவதோடு நிற்காமல், நீரற்ற உப்பின் கணக்கிலும் ஏறிக்கொள்கிறது. ஒரு மோலை எடுத்துப் பாருங்கள்: போனது ஆறு மோல் நீர், எஞ்சிய 138.4 கிராமை நீரற்ற உப்பு என்று நம்பி 120.4-ஆல் வகுத்தால் 1.15 மோல். ஆறை 1.15-ஆல் வகுத்தால் 5.2. அதை மாணவர் முழு எண்ணாக்கி ஐந்து என்று எழுதிவிடுவார். ஏழு நீருள்ள உப்பு, செம்பு உப்பின் எண்ணைத் தன்னுடையதென்று சொல்லிவிடுகிறது. செம்பு உப்பில் இதே தவறு நேர்ந்தால் 3.6 வரும், நான்கென்று எழுதிவிட்டுப் போகலாம்.

எதிர்ப்பக்கத்துத் தவறையும் பார்க்க வேண்டும். அதிகச் சூட்டில் நீரற்ற செம்பு சல்பேட் சிதையத் தொடங்கும். கந்தக ஆக்சைடுப் புகை மூக்கைக் குத்தும், கிண்ணத்தில் கரிய செம்பு ஆக்சைடு தங்கும். போன கந்தகமும் நீரின் கணக்கில் சேர்ந்துவிடுவதால் எக்ஸ் ஐந்தைத் தாண்டி ஏறும். எவ்வளவு சிதைந்தால் எவ்வளவு ஏறும் என்று போட்டுப் பார்த்தேன். பத்தில் ஒரு பங்கு சிதைந்தால் 5.7. நான்கில் ஒரு பங்கு சிதைந்தால் சரியாக ஏழு! ஆக, சூடு போதாத எப்சம் உப்பு ஐந்து என்கிறது; சூடு மிஞ்சிய செம்பு உப்பு ஏழு என்கிறது. இரண்டும் எதிரெதிர்த் தவறால் ஒன்றன் எண்ணை மற்றது போட்டுக்கொள்கின்றன.

ஆனாலும் இரண்டு தவறும் ஒரே எடையுள்ளவை என்று சொல்லமாட்டேன். கால்பங்கு சிதைந்த செம்பு உப்பு கறுத்துக் கிடக்கும். குற்றத்தை அதுவே ஒப்புக்கொண்டுவிடும். குறைவாகச் சூடேறிய எப்சம் உப்போ வெள்ளைக்கு வெள்ளையாக, பார்வைக்குக் குறையே இல்லாமல், பொய்யான எண்ணைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும். இன்னொரு பக்கம், அதே எப்சம் உப்பை எவ்வளவு காய்ச்சினாலும் பள்ளி ஆய்வகத்து அடுப்பு அதைச் சிதைக்காது. அதற்கு ஆயிரம் டிகிரிக்கும் மேல் வேண்டும். ஆகவே அங்கே பொறுமை ஒருபோதும் தண்டிக்கப்படுவதில்லை. செம்பு உப்பில் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு.

எப்சம் உப்புக்கு மட்டும் உள்ள இன்னொரு தொல்லை, சோதனை தொடங்கும் முன்பே வந்துவிடுவது. வறண்ட காற்றில் அதன் ஏழாவது நீர் தானாகவே கழன்றுகொள்ளும். சென்னையின் புழுக்கத்தில் இந்தக் கவலை அதிகம் இல்லை. குளிர்காலம் முழுவதும் ஹீட்டர் ஓடும் லண்டன் அறையில், மூடி சரியாகப் பொருந்தாத பழைய பாட்டிலில், படிகங்களின் மேல் மாவு பூத்திருப்பதைக் காணலாம். அந்த மாவில் ஆறுதான். நிறுப்பவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஏழு வராது. செம்பு உப்பு சாதாரண அறைக்காற்றில் தன் ஐந்தையும் பெரும்பாலும் காத்துக்கொள்கிறது.

கடைசி ஒரு நீர் இரண்டு உப்பிலும் தனித்து நிற்பதை முதலில் கவனமாக நிறுத்துப் பார்த்தவர்களில் ஒருவர் தாமஸ் கிரகாம். 1837-இல் கிளாஸ்கோவிலிருந்து லண்டன் யூனிவர்சிட்டி காலேஜுக்குப் பேராசிரியராக வந்தவர். 1841-இல் தொடங்கிய கெமிக்கல் சொசைட்டியின் முதல் தலைவர். லண்டனுக்கு வந்த காலத்தில் அவர் கையிலிருந்த பெரிய வேலையே உப்புகளுக்குள் இருக்கும் நீரைப் பற்றியதுதான். அவர் கணக்கில் செம்பு உப்பு ஐந்து நீரல்ல, ஒன்றும் நான்கும். எப்சம் உப்பு ஏழு நீரல்ல, ஒன்றும் ஆறும். அந்த ‘ஒன்று’ உப்பின் உடம்போடு சேர்ந்தது, மற்றவை வந்துபோகிறவை என்பது அவர் பார்வை.

அந்நாளில் நீரின் வாய்பாட்டையே ஒரு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என்றுதான் எழுதினார்கள். அதன் எடையும் 18 அல்ல, 9. அப்படியானால் பழைய ஐந்தும் ஏழும் இன்று மாறியிருக்க வேண்டாமா? மாறவில்லை. ஆக்சிஜனின் எடையை 8 என்று கொண்டதால் உலோகத்தின் எடையும் கந்தகத்தின் எடையும் அதே அளவில் பாதியாகவே இருந்தன. எப்சம் உப்பில் 60-க்கு 63 என்று அன்று வந்த விகிதம்தான் இன்று 120-க்கு 126. மேலும் கீழும் ஒரே பிழை, வகுத்தபோது அடிபட்டுப்போனது. எளிய விகித வாய்பாட்டின் பலமும் பலவீனமும் இதில் ஒருங்கே தெரிகின்றன: விகிதத்தை அது தவறவிடாது, மூலக்கூறைப் பற்றி எதுவும் சொல்லாது.

நீர் எங்கே இருக்கிறது என்பதையும் அது சொல்லாது. அதற்கு எக்ஸ்-கதிர் வேண்டியிருந்தது. 1912-இல் மியூனிக்கில் இயற்பியலாளர் லாவேயின் கூட்டாளிகள் எக்ஸ்-கதிரை முதன்முதலாக ஒரு படிகத்தில் பாய்ச்சிப் பார்த்தபோது கைக்கு அகப்பட்ட படிகம் மயில்துத்தம்தான். புள்ளிகள் விழுந்தன, பொருள் விளங்கவில்லை. சமச்சீர் மிகக் குறைந்த படிகம் அது. 1934-இல் பீவர்ஸும் லிப்சனும் அதன் உள்ளமைப்பைக் கண்டறிந்து லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளியிட்டார்கள். செம்பைச் சுற்றி நான்கு நீர். மேலும் கீழும் சல்பேட்டின் ஆக்சிஜன்கள். ஐந்தாவது நீர் செம்பைத் தொடுவதே இல்லை, சல்பேட்டுகளுக்கு நடுவே ஹைட்ரஜன் பிணைப்பில் தொங்குகிறது. எப்சம் உப்பின் உள்ளே போனாலும் அதே காட்சி: மக்னீசியத்தைச் சுற்றி ஆறு நீர், ஏழாவது வெளியே. ஒற்றைப்படை எண்கள் இரண்டுக்கும் காரணம் ஒன்றே: உலோகத்தோடு ஒட்டாத ஒரு நீர். ஐந்து என்பது நான்கும் ஒன்றும். ஏழு என்பது ஆறும் ஒன்றும். தராசு மட்டும் கொண்டு கிரகாம் பிரித்த அதே எண்கள்.

இந்த ஒற்றுமையில் மயங்கிவிடக் கூடாது. கிரகாமின் ‘ஒன்று’ம் எக்ஸ்-கதிர் காட்டும் ‘ஒன்று’ம் அதே நீர் அல்ல. எப்சம் உப்பில் வெளியே நிற்கும் ஏழாவது முதலில் போகிறது. கடைசியில் எஞ்சுவது வேறு. நீர் குறையக் குறைய இரண்டு படிகங்களும் தம்மை முழுவதும் மாற்றிக் கட்டிக்கொள்கின்றன. ஒற்றை நீரில் வந்து நிற்கும்போது இரண்டுமே கீசரைட் என்ற கனிமத்தின் குடும்பத்து அமைப்பை அடைகின்றன. அங்கே ஒவ்வொரு நீரும் இரண்டு உலோக அயனிகளுக்குப் பாலமாகிவிடுகிறது. ஓர் உப்பு ஐந்திலிருந்தும் மற்றது ஏழிலிருந்தும் கிளம்பி, ஒன்றில் வந்து சந்திக்கின்றன.

ஆறிலும் அவற்றுக்கு ஒரு சந்திப்பு உண்டு. இரண்டு கரைசலிலும் பொட்டாசியம் சல்பேட்டைச் சேர்த்துப் படிகமாக்கினால் கிடைக்கும் இரட்டை உப்புகள் இரண்டிலும் நீர் ஆறு. ஆறும் உலோகத்தைச் சுற்றியே. படிக வடிவமும் ஒன்றே. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சயன்ஸில் பயின்று, இந்தக் குடும்பத்தைப் பல ஆண்டுகள் அளந்த ஆல்ஃபிரட் டட்டனின் பெயரால் இவை டட்டன் உப்புகள் எனப்படுகின்றன. ஐந்துக்கும் ஏழுக்கும் சராசரி ஆறு என்பதில் வேதியியல் ஏதுமில்லை என்று தெரிந்தும், எழுதும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

எண்ணி முடித்தாயிற்று என்று யாரும் கையைக் கழுவிவிட முடியாது என்பதற்கும் எப்சம் உப்பே சாட்சி. உறைநிலையை ஒட்டிய குளிரில் அது இன்னும் அதிக நீரை ஏற்றுக்கொள்ளும். 1837-இல், கிரகாம் லண்டனுக்கு வந்த அதே ஆண்டில், வேதியியலாளர் ஃபிரிட்ஷே அந்த வடிவத்துக்குப் பன்னிரண்டு நீர் என்று கணக்கிட்டார். 170 ஆண்டுகள் பாடநூல்களில் பன்னிரண்டு என்றே நின்றது. 2006-இல் எக்ஸ்-கதிரால் எண்ணிப் பார்த்தபோது பதினொன்று. அதே கனிமம் செவ்வாய்க் கோளிலும் இருக்கக்கூடும் என்பதால், செவ்வாயின் மெரிடியானி சமவெளியை நினைத்து அதற்கு மெரிடியானியைட் என்று பெயரிட்டார்கள். கிரகாமின் யூனிவர்சிட்டி காலேஜிலேயே அதன் மேல் பின்னர் ஆய்வு நடந்தது. செம்பு உப்பின் ஐந்துக்கு இப்படியொரு திருத்தம் வரவில்லை.

ஆக, எதைக் கொண்டு கற்பிப்பது? நீல உப்பை வெறுக்க யாராலும் முடியாது; ஹார்ப்பர் சாலை அறை 2013-இல் யார்க்‌ஷயர் சிற்பப் பூங்காவுக்கு அப்படியே பெயர்த்துச் செல்லப்பட்டதும் அந்த நிறத்துக்காகத்தான். முதன்முதலாக ஒரு பிள்ளைக்கு நீர் உப்புக்குள் இருக்கிறது என்று காட்ட அதற்கு நிகரில்லை. ஆனால் நிறுக்கக் கற்றுக்கொடுக்க நான் வெள்ளை உப்பையே எடுப்பேன். அங்கே கண்ணுக்கு வேலையில்லை. எடை இறங்குவது நின்றதா இல்லையா என்று தராசு மட்டுமே சொல்ல முடியும். உங்கள் வீட்டுப் பிள்ளை அந்தச் சோதனையைச் செய்து 5.2 என்று விடை கொண்டுவந்தால், ஐந்தென்று எழுத விடாதீர்கள். கிண்ணத்தை இன்னொரு முறை அடுப்பில் வைக்கச் சொல்லுங்கள்.